பதினேழாம் பட்டைக்கு வந்த எறும்பு

"பொண்ணுக்க முகத்துல இருக்கது மங்கா, இல்ல பவுடரு ஒழுங்காப் பூசலியா?"

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், பெண் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளையின் பெரியம்மை முந்திரிக்கொத்தைக் கடித்துக்கொண்டே பெண்ணான நாகம்மையிடமே கேட்ட கேள்வி அது. நாகம்மை தட்டை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். ஆனால் அந்த மாப்பிள்ளைக்குத் திருவனந்தபுரத்தில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருப்பதை மூன்றே வாரத்தில் கண்டுபிடித்தாள். கேள்வி கேட்கிறவர்களைத் திருப்பிக் கேள்வி கேட்க ஒரு தொழில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவளுக்குப் பிடிபட்டது.

இப்போது தக்கலையில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், 'நாகம்மை விசாரணை நிலையம்'. பலகையில் கொலை, களவு, மோசடி, திருமண விசாரணை என்று வரிசையாக எழுதியிருந்தது. கொலை இதுவரை ஒன்றும் வரவில்லை. களவில் ஒரே ஒரு ஆடு வந்தது. நாகம்மை துப்புத் துலக்குவதற்குள் அது தானாகவே வீட்டுக்குத் திரும்பிவிட்டது. பன்னிரண்டு வருடத்தில் உண்மையான வளர்ச்சி கண்டது அவள் கன்னத்துக் கறுந்திட்டு, அந்த மங்கு மட்டும்தான். அதைப் பற்றித் தனக்குக் கவலையே இல்லை என்று அவள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு அவள் இரணியலுக்குப் பக்கத்தில் ஒரு மருந்தியல் கல்லூரியின் ஆய்வுக்கூட வாசலில் நின்றாள். கூடவே அவளுடைய உதவியாளர் ஆன்றோ. ஐம்பத்திரண்டு வயது. குவைத்தில் பதினெட்டு வருடம் ஒரே கட்டடத்தின் ஒரே கதவுக்குக் காவல் நின்றுவிட்டு ஊர் திரும்பியவர். வேலை கேட்டு வந்த அன்று, "முன் அனுபவம் உண்டா?" என்று நாகம்மை கேட்டாள். "பதினெட்டு வருசத்துல அந்தக் கதவ ஒருத்தனும் தூக்கிட்டுப் போவல்ல" என்றார். உடனே வேலை கொடுத்துவிட்டாள்.

வாசலில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ பளபளவென்று இருந்தது. உள்ளே போகிறவர்கள் தங்கள் காலணியைக் கழற்றிவிட்டு, அலமாரியில் அடுக்கியிருக்கும் நீல ரப்பர் செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அங்கே சட்டம்.

நாகம்மை ஷூவைக் கூர்ந்து பார்த்தாள். "பேராசிரியர் உள்ளதான் இருக்காரு."

"எப்படி மக்கா கண்டுபிடிச்ச?"

"ஷூ வெளிய இருக்குல்லா."

"அம்மாடி! இந்த மூள போலீசுக்குப் போயிருந்தா போலீசு என்ன ஆயிருக்கும்!" என்றார் ஆன்றோ. பாராட்டா, பரிகாசமா என்று நாகம்மை யோசிப்பதற்குள் உள்ளே போய்விட்டார்.

உள்ளே அபிதா காத்திருந்தாள். இருபத்தாறு வயது, ஆராய்ச்சி மாணவி, அழுது வீங்கிய கண். கூடத்தின் கோடியில் கண்ணாடி அறைக்குள் பேராசிரியர் டாக்டர் பகவதியப்பன் உட்கார்ந்திருந்தார். இவர்களைக் கண்டதும் ஒரு நீளமான உறையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இந்தக் கடிதம் நாலு மணிக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போகும்," என்றார். "அதுவரைக்கும் நீங்க தாராளமா விசாரிக்கலாம். எதையும் தொட வேண்டாம்." அவ்வளவுதான். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

"அந்த லெட்டர் போச்சுன்னா எனக்க பதிவ ரத்து பண்ணிருவாங்க அக்கா," என்றாள் அபிதா. "பொய்க் கணக்கு எழுதினவன்னு பேரும் சேந்து போவும். நாலு வருசம்."

"மொதல்லருந்து இன்னொருக்கா சொல்லு. எனக்குப் புரியுற மாதிரி."

"அவளுக்குப் புரியுற மாதிரின்னா ரொம்பப் பையச் சொல்லணும் பிள்ளே," என்றார் ஆன்றோ.

அபிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "வாழைக்காய வெட்டி வெளிய வச்சா கறுக்கும்லா அக்கா? அது ஒரு நொதி செய்யுற வேல. அதே மாதிரி ஒண்ணுதான் நம்ம தோலுக்குள்ளயும் கறுப்பு உண்டாக்குது. அது அளவுக்கு மேல வேல செஞ்சா திட்டு திட்டா..." அவள் நாகம்மையின் கன்னத்தைப் பார்த்தாள். சட்டென்று தரையைப் பார்த்தாள்.

"மங்கு," என்றாள் நாகம்மை. "கூசாமச் சொல்லு மக்கா. உதாரணம் கையோட வந்திருக்கு."

அந்த நொதியைத் தடுக்கிற செடி எது என்று தேடுவதுதான் அபிதாவின் ஆராய்ச்சி. உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் தொண்ணூற்றாறு சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் காளானிலிருந்து எடுத்த நொதி, அதற்குத் தீனியாக ஒரு மருந்து, கூடவே ஏதாவது ஒரு செடியின் சாறு. சாறு நொதியைத் தடுக்காவிட்டால் குழி நிறம் மாறிக் கறுக்கும். தடுத்தால் தெளிந்த தண்ணீர் மாதிரி நிற்கும்.

"உண்ணியப்பச் சட்டி மாதிரி இருக்கு," என்றார் ஆன்றோ தட்டைப் பார்த்து.

"நாப்பது செடி பாத்தேன் அண்ணே. முப்பத்தொம்பதும் கறுத்துப் போச்சு. பதினேழாம் நம்பர் மட்டும் மார்ச் மாசம் அப்பிடியே தெளிவா நின்னுது. சிதறால் மலையடிவாரத்து மரப்பட்ட. எங்க அப்பா அங்க ரப்பர் வெட்டுகாரு. அவருதான் அந்த மரத்தக் காட்டித் தந்தாரு. சார் எல்லா மீட்டிங்குலயும் போய்ச் சொன்னாரு. போன வாரம் சென்னையிலருந்து பெரிய ஆளுங்க பாக்க வந்தாங்க. அதே மரம், அதே அப்பா, புதுப்பட்ட. எல்லாருக்க முன்னாலயும் பத்தே நிமிசத்துல பால் ஊத்தாத கட்டஞ்சாயா மாதிரி கறுத்துப் போச்சு."

"பழைய பட்ட மிச்சம் இருக்கா?"

"ஒரு துளி கூட இல்ல. முழுசும் சோதனைக்கே செலவாயிட்டு. அதனால, மார்ச்ல நான் எழுதினது பொய்யின்னு சார் சொல்லுகாரு."

இந்த வழக்கில் நாகம்மை ஏற்கெனவே இரண்டு நாள் செலவழித்திருந்தாள். பொறாமைக்கார சக மாணவன் ஒருவன் பட்டையை மாற்றி வைத்திருப்பான் என்று முடிவு கட்டி, எபின் என்கிற பையனை ஒரு மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தாள். சம்பவம் நடந்த வாரம் முழுக்க அவன் நெய்யூர் ஆஸ்பத்திரியில் குடல்வால் அறுவைக்குப் படுத்திருந்தான். தையல் தழும்பைக் காட்டட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

"ஒனக்க நோட்டத் தா," என்றாள் இப்போது.

நோட்டுப் புத்தகம் தடிமனாக இருந்தது. ஒவ்வொரு நாளும் செய்ததை அபிதா மணிமணியாக எழுதியிருந்தாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பச்சை மையில் பேராசிரியரின் கையெழுத்து.

"மனுசன் பஞ்சாயத்துத் தலைவரு மாதிரி படிக்காமலே போட்டுத் தள்ளியிருக்காரு," என்றார் ஆன்றோ.

நாகம்மைக்குக் கணக்குகள் புரியவில்லை. எண்கள் அவளைப் பார்த்துப் பல்லிளித்தன. ஆகவே எண் இல்லாத வரிகளாகத் தேடிப் படித்தாள். மார்ச் ஆறாம் தேதியில் ஒரு வரி இருந்தது: 'பதினேழாம் டப்பாவில் எறும்பு. துடைத்துவிட்டு, தண்ணீர்க் கிண்ணத்துக்குள் வைத்தேன்.'

"புதுப்பட்டைக்கு எறும்பு வந்துதா?"

அபிதா யோசித்தாள். "இல்ல."

நாகம்மை அலமாரியிலிருந்த புதுப்பட்டையில் ஒரு துண்டை எடுத்து ஆன்றோவிடம் நீட்டினாள். "சவச்சுப் பாருங்க."

"நான் என்ன ஆடா?" என்று கேட்டுக்கொண்டே வாயில் போட்டவர், அடுத்த நொடி வாசலுக்கு ஓடித் துப்பிவிட்டு வந்தார். "சவம்! வேப்பெண்ணெயே தேவலாம்."

"இவ்வளவு கசக்குற பட்டையத் தேடி எறும்பு ஏன் வரணும்?" என்றாள் நாகம்மை. குரலை வேண்டுமென்றே தாழ்த்தினாள். இப்படிப்பட்ட கட்டங்களில் தாழ்த்த வேண்டும் என்று படித்திருந்தாள். "பழைய பொடியில இனிப்பா ஏதோ கலந்திருக்கு. பட்டைய எதுல வச்சுப் பொடிப்பீங்க?"

அபிதா மூலையிலிருந்த அரவை மெஷினைக் காட்டினாள். ஆன்றோ மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டார். பிறகு தும்மினார். ஒன்று, இரண்டு, ஏழு. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"இனிப்பு இல்ல மக்கா. வத்தல்மொளகு!"

அந்த நேரத்தில் பின்னால் ஒரு கண்ணாடிக் குவளை விழுந்து நொறுங்கியது. ஆய்வுக்கூட உதவியாளர் ஏசுஅடிமை கையில் துடைக்கும் துணியோடு மரம்போல் நின்றார். ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கியிருக்கும் மனிதர்.

நாகம்மை அவரைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன வார்த்தை போடலாம் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்; அதை அவர் பயங்கரமான மௌனம் என்று எடுத்துக்கொண்டார்.

"வீட்டுல மிக்சி கெட்டுப் போச்சு," என்று பொலபொலவென்று சொன்னார். "வீட்டுக்காரி ஒரு கிலோ வத்தல்மொளகு தந்து, ஆபீஸ் மெஷின்ல பொடிச்சுக் கொண்டு வாருங்கன்னா. மெஷினுக்க காயில் கருகிட்டு. யாருக்கும் தெரியாம ரிப்பேருக்குக் குடுத்தேன்; திரும்பி வந்தும் நெடி போவல்ல. மறுநாளே அபிதா பிள்ள பதினேழாம் பட்டைய என்கிட்ட தந்து, பொடிச்சு வைக்கச் சொல்லிச்சு."

"எங்க பொடிச்சீரு ஓய்?" என்றார் ஆன்றோ.

"இரணியல் ரத்தினத்துக்க மில்லுல. ரெண்டு கை அளவுதான் இருந்துது. அய்யா அவதார ஊர்வலத்துக்கு முந்தின நாளு, மார்ச் மாசத் தொடக்கத்துல."

"அங்க போனதும், இதுக்கு முன்ன மெஷின்ல என்ன ஓடிச்சுன்னு கேட்டீரா?" என்றாள் நாகம்மை.

ஏசுஅடிமை விழித்தார். "அதை ஏன் கேக்கணும்?"

நாகம்மையும் அபிதாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாவு மில்லுக்குப் போகிற எந்தப் பெண்ணும் பையைக் கீழே வைப்பதற்கு முன் கேட்கிற முதல் கேள்வி அதுதான். முன்னால் ஓடிய சாமான் மெஷினுக்குள் கொஞ்சம் தங்கும். அடுத்து வருகிறவர்களின் பையில்தான் விழும். கேழ்வரகு ஓடியிருந்தால் ஆப்ப மாவு நிறம் மாறிவிடும். வெந்தயம் ஓடியிருந்தால் குழந்தைக்குக் காய்ச்சும் கஞ்சி கசக்கும். ஐம்பத்தெட்டு வயது வரை அரைத்ததைத் தின்ன மட்டுமே தெரிந்த ஒரு ஆணைத் தவிர வேறு யாரும் கேட்காமல் கொட்டியிருக்க மாட்டார்கள்.

"ரெண்டு கை பட்டை," என்றாள் அபிதா மெதுவாக. "மெஷின்ல தங்குறதும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும்."

மணி பன்னிரண்டு.

ரத்தினத்தின் மில் ரயில் நிலையச் சாலையில் இருந்தது. மூன்று மெஷின்கள். ஒன்று மிளகாய் மல்லிக்கு, ஒன்று அரிசிக்கு, மூன்றாவது மற்ற எல்லாவற்றுக்கும். ரத்தினம் அறுபது வயது அம்மாள். புருவம், இமை, காது மடல் எல்லாம் மாவில் வெளுத்திருந்தன. இந்த மாவட்டத்தில் நிறத்தைப் பற்றி யாரும் யாரையும் குறை சொல்ல முடியாத ஒரே இடம் இதுதான் என்று நாகம்மை நினைத்துக்கொண்டாள்.

"வெள்ளக் கோட்டுப் போட்டுட்டு ஒரு மனுசன் மரப்பட்ட கொண்டு வந்தாருலா அக்கா? ஊர்வலத்துக்கு முந்தின நாளு?"

"அத மறக்க முடியுமா?" ரத்தினம் மெஷினை நிறுத்தினாள். "டாக்டரு வந்து நிக்காருன்னு நான் எழும்பி நின்னேன். கோட்டக் கழத்தினா உள்ள கைலி."

ஆன்றோ ரசித்துத் தலையாட்டினார்.

"அந்தப் பட்டைக்கு முன்னால மூணாவது மெஷின்ல என்ன ஓடிச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு பிள்ளைக்க வாழ்க்க இதுல இருக்கு."

ரத்தினம் நாகம்மையை மேலும் கீழும் பார்த்தாள். முதலில் ஒரு கண்ணைச் சுருக்கினாள். பிறகு இரண்டையும்.

"என்னட்டி, என்னப் பரிகாசம் செய்யியா?"

"இல்லக்கா, சத்தியமா."

"பின்ன? நீதானே மக்கா அன்னைக்கு அரைக் கிலோ அதிமதுரம் அரைச்சுட்டுப் போன!"

மில்லுக்குள் மெஷின் எதுவும் ஓடவில்லை. இருந்தும் நாகம்மையின் காதுக்குள் ஏதோ ஒன்று கடகடவென்று ஓடியது.

"நானா?"

"ஷாலால முகத்த முழுசும் மூடிக் கட்டிக்கிட்டு வந்த. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மூஞ்சியில பூசணும், மங்குக்கு நல்லதுன்னு சொன்ன. நானும் ஒண்ணும் கேக்கல்ல. நாகம்மை எதுக்கு இப்பிடிக் கொள்ளக்காரி மாதிரி கட்டிட்டு வாறான்னு மட்டும் நெனச்சேன்."

"மூடியிருந்தேன்னா நான்னு எப்பிடித் தெரியும்?"

"நீ நடக்கது ஊருக்கே தெரியும்லா? தாரா வாத்து நடக்க மாதிரி."

ஆன்றோ சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் சிரித்து முடிக்கும்வரை நாகம்மை பொறுமையாக நின்றாள். மாறுவேடத்தில் தான் செய்த ஒரே ஒரு காரியம் அது. கண்டுபிடிக்க முடியாமல் ஒரு வாரமாக ஒரு ஆராய்ச்சிக்கூடமே திணறிய மர்மக் கையும் அவளுடையதுதான். பலகையில் மோசடி என்ற வார்த்தையைக் கொஞ்சம் பெரிதாக எழுதியிருக்கலாம்.

"மூணு நாள்தான் பூசினேன்," என்றாள் சாலைக்கு வந்ததும். "அப்புறம் மறந்து போச்சு. மிச்சம் பிரிட்ஜ் மேல பால்பொடி டப்பாவுல இருக்கு."

ஆன்றோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். திடீரென்று அவர் குரல் மாறியது. "யாரோ ஒரு கஸ்டமரு அரைச்சதுன்னு சொல்லிருவோம் மக்கா. ஒனக்க பேரு எதுக்கு?"

நாகம்மைக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்திருந்தது. தக்கலை வரை அதைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள் போய் டப்பாவை இறக்கிப் பார்த்தாள். மூடியில் அவள் கையெழுத்திலேயே 'மூஞ்சி' என்று எழுதி ஒட்டியிருந்தது. அந்தத் தேதியில், அந்த மெஷினில் ஓடியது இந்தப் பொடிதான் என்று சாட்சி சொல்ல உலகத்தில் ஒரு ஆள்தான் உண்டு. ஒட்டியிருந்த தாளைக் கிழிக்காமல் டப்பாவைப் பையில் போட்டாள்.

மறுபடி ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது மணி இரண்டேகால். நடந்ததை நாகம்மை ஒன்றுவிடாமல் சொன்னாள், தாரா நடையைத் தவிர. அதை ஆன்றோ சொன்னார்.

அபிதா டப்பாவை வாங்கி முகர்ந்தாள்.

"அதிமதுரம் இந்த நொதியத் தடுக்கும்னு எல்லாருக்கும் தெரியும் அக்கா. புத்தகத்துலயே இருக்கு," என்றாள். "அப்போ எனக்க பதினேழு ஒண்ணுமே இல்ல. அப்பா காட்டின மரத்துல ஒண்ணுமே இல்ல."

நாகம்மை இதை யோசித்திருக்கவில்லை. பொய்க்காரி இல்லை என்று நிரூபித்தால் கண்டுபிடிப்பும் சேர்ந்து போய்விடும் என்பது இந்த நிமிடம்தான் அவளுக்கு உறைத்தது. "வேண்டாம்னா..." என்று ஆரம்பித்தாள்.

அபிதா அதற்குள் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியணும்," என்றாள்.

பொடிகளைச் சாராயக் கரைசலில் குலுக்கினாள், ஊற வைத்தாள், வடிகட்டினாள். தட்டில் நான்கு வரிசை நிரப்பினாள். முதல் வரிசையில் சாறு எதுவும் இல்லை. இரண்டாவதில் வெறும் பட்டை. மூன்றாவதில் நாகம்மையின் பொடி. நான்காவதில் பட்டையும் பொடியும் சரிபாதி. நாகம்மை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குழிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பகவதியப்பன் உறையுடன் வெளியே வந்தார்.

இந்தத் தருணத்துக்காக நாகம்மை பன்னிரண்டு வருடமாக ஒரு உரை தயாரித்து வைத்திருந்தாள். எல்லோரையும் ஒரு அறையில் கூட்டி, மெதுவாக நடந்துகொண்டே சொல்ல வேண்டிய உரை. நடப்பதை மட்டும் இன்றைக்குத் தவிர்த்துவிட்டாள்.

"சார், குற்றவாளி இந்த அறைக்குள்ளதான் நிக்காங்க," என்று தொடங்கினாள். "அது நான்தான்."

பகவதியப்பன் புரியாமல் பார்த்தார். அவள் டப்பாவை நீட்டினாள். மூடியில் எழுதியிருந்ததை அவர் வாய்விட்டுப் படித்தார். "மூஞ்சி?"

"எனக்கதுதான். மங்குக்கு," என்றாள் நாகம்மை. பன்னிரண்டு வருடம் கழித்து அந்தப் பெரியம்மையின் கேள்விக்குப் பதில் சொன்னதுபோல் இருந்தது.

"மெஷினக் கெடுத்தது நான் சார்," என்று பின்னாலிருந்து ஏசுஅடிமை சொன்னார். "பட்டைய மில்லுக்குக் கொண்டு போனதும் நான். பிள்ளைக்கு ஒண்ணுமே தெரியாது."

அபிதா தட்டை அவர் முன்னால் வைத்து, நோட்டுப் புத்தகத்தை அதன் பக்கத்தில் விரித்தாள்.

பகவதியப்பன் குனிந்து பார்த்தார். முதல் வரிசை கறுத்திருந்தது. இரண்டாவதும் கறுத்திருந்தது. மூன்றாவதும் நான்காவதும் தெளிந்த தண்ணீராக நின்றன. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஐந்து நிமிடம் காத்திருந்து மறுபடி பார்த்தார். மாறவில்லை.

பிறகு நோட்டைப் பார்த்தார். மார்ச் ஆறு. 'பதினேழாம் டப்பாவில் எறும்பு.' அந்த வரிக்கு இரண்டு விரல்கடை கீழே பச்சை மையில் அவருடைய கையெழுத்து, வளைவு நெளிவுகளோடு, தேதியோடு. அவர் விரல் எறும்பிலிருந்து கையெழுத்துக்கும், கையெழுத்திலிருந்து எறும்புக்கும் போய் வந்தது.

"ஆகவே, அந்த எறும்புகள்தான் நமக்கு..." என்று நாகம்மை உரையின் இரண்டாம் பகுதிக்குப் போனாள். ஆன்றோ அவள் முழங்கையை அழுத்தினார். நிறுத்திக்கொண்டாள்.

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை. அபிதாவுக்கு அவரிடமிருந்து வரவேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். அவர் உதடு ஒருமுறை அசைந்தது. நோட்டை மூடி, இரண்டு கையாலும் எடுத்து, அபிதாவிடம் கொடுத்தார். உறையை இரண்டாக மடித்தார். நான்காக மடித்தார். சட்டைப் பைக்குள் அமுக்கி வைத்துக்கொண்டார்.

பிறகு திரும்பி வாசலுக்கு நடந்தார். பளபளவென்றிருந்த கறுப்பு ஷூவைத் தாண்டி, நீல ரப்பர் செருப்போடு படியிறங்கி, சளக் சளக்கென்று வெயிலுக்குள் போனார்.